கப்ளர் முதல் டயர் வரை: அதிவலுக் காரை எங்கிருந்து பலப்படுத்துவது?

எப்படி இயங்குகிறது?

உக்குவளைச் சமையலறைகளில் கிரைண்டருக்கு ஓய்வு குறைவு. மிளகு, கராம்பு, சாதிக்காய், காய்ந்த மஞ்சள் என்று மாத்தளை மண் தருவதெல்லாம் ஒரு நாள் அந்த ஜாருக்குள் விழத்தான் வேண்டும். அதனால் இந்தப் பக்கத்து வீடுகளுக்கு நன்றாகப் பழக்கமான ஒரு பழுது உண்டு. சுவிட்சைப் போட்டால் மோட்டர் சத்தமாகச் சுற்றும். ஜாருக்குள் பிளேட் அசையாது. ஜாரைத் தூக்கிப் பார்த்தால் அடியிலிருக்கும் கப்ளரின் பற்கள் மழுங்கிப்போயிருக்கும். சுற்றிவரக் கறுப்பு ரப்பர் தூள் சிதறிக் கிடக்கும். மோட்டருக்கும் ஒன்றுமில்லை, பிளேடுக்கும் ஒன்றுமில்லை. சுழற்சியை ஒன்றிலிருந்து மற்றதற்குக் கடத்திய சின்னத் துண்டுதான் போய்விட்டது.

குதிரைவலு கூட்டிய காரிலும் இதுதான் நடக்கிறது. பெரிய டர்போ, பெரிய இன்ஜெக்டர், புதிய ஈசியூ என்று எஞ்சினுக்குச் செலவழித்தவர், முதல் தடவை பலமாகப் புறப்படும்போது கிளச்சையோ கியரையோ ஆக்சிலையோ இழக்கிறார். எஞ்சினுக்கும் டயருக்கும் நடுவே உள்ள இந்தத் தொடரைத்தான் டிரைவ்ட்ரெயின் என்கிறோம். வீதியிலும் ஓட வேண்டும், கால் மைல் டிராக் பந்தயத்திலும் இறங்க வேண்டும் என்கிற காருக்கு இந்தத் தொடரை எப்படிப் பலப்படுத்துவது என்பதை அந்தக் கிரைண்டரை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

கிரைண்டரின் மோட்டர் காரில் எஞ்சின். கப்ளர் கிளச். ஜாரின் அடியில் பிளேடைத் தாங்கும் தண்டும் புஷ்ஷும் சேர்ந்து கியர் பெட்டி, புரொப்பலர் ஷாஃப்ட், டிஃபரன்ஷல், ஆக்சில். ஜாருக்குள் கிடக்கும் மஞ்சள் துண்டு, டயரை விடாமல் பிடித்திருக்கும் தார்ப் பாதை. இந்த நாலையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

உடைப்பது வலு அல்ல, அடி

பொல்கொல்லையில் மகாவலியிலிருந்து திருப்பப்படும் நீர், சுமார் 8 கிலோமீட்டர் சுரங்கத்தின் வழியே வந்து, உக்குவளை மின் நிலையத்தின் டர்பைன்களைச் சுழற்றிவிட்டுச் சுது கங்கையில் சேர்கிறது. 1976ஆம் ஆண்டிலிருந்து இது நடக்கிறது. அங்குள்ள இரண்டு இயந்திரங்களும் சேர்ந்து சுமார் 40 மெகாவாட் தருகின்றன. அப்படியானால் ஒரு தண்டில் சுமார் 20 மெகாவாட். குதிரைவலுக் கணக்கில் 26,000க்கும் மேல்.

அந்தத் தண்டு பெரியது என்பது உண்மைதான். ஆனால் அது நீடித்து உழைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு அடி விழுவதில்லை. நீர் மெல்லத் திறக்கப்படும்; வேகம் படிப்படியாக ஏறும். ஜெனரேட்டரைத் தேசிய மின்வலையோடு இணைக்கும் முன் இரண்டின் ஓட்டமும் ஒத்துப்போகும்வரை பொறுத்திருப்பார்கள். ஒத்துப்போகாத நொடியில் இணைத்துவிட்டால், மின்வலை முழுவதும் அந்தத் தண்டைப் பிடித்து முறுக்கும். எந்த மின் நிலையத்திலும் பொறியியலாளர்கள் அதிகம் அஞ்சுகிற தவறுகளில் அதுவும் ஒன்று.

டிராக் பந்தயக்காரர் வேண்டுமென்றே செய்வது அதைத்தான். எஞ்சின் 6,000 சுற்றில் நிற்கிறது; கார் அசையாமல் நிற்கிறது; கிளச் மிதியிலிருந்து கால் சட்டென்று எடுபடுகிறது. எஞ்சின் தரும் முறுக்குவிசை மட்டும் அப்போது பின்னால் போவதில்லை. பிளைவீலும் கிராங்கும் சுழன்று சேர்த்துவைத்த சக்தியும் சேர்ந்து போகிறது. அந்தச் சக்தி சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 3,000 சுற்றில் இருப்பதைவிட 6,000 சுற்றில் அது நாலு மடங்கு. கிரைண்டரில் 1, 2, 3 என்று ஏற்றாமல், கட்டி மஞ்சளைப் போட்டுவிட்டு ஒரேயடியாக 3க்குத் திருப்புவது இதுதான்.

ஆகவே 'இந்தக் கியர் பெட்டி எத்தனை குதிரைவலு தாங்கும்?' என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் இல்லை. அதே கியர் பெட்டி அதே எஞ்சினோடு நெடுஞ்சாலையில் பத்து வருடம் ஓடும். கெட்டியான டயரும் திடீர்ப் புறப்பாடும் சேர்ந்தால் ஒரே நாளில் போகும்.

ஜாருக்குள் என்ன கிடக்கிறது?

வெறும் ஜாரை வைத்துக் கிரைண்டரை எவ்வளவு வேகமாகச் சுற்றவிட்டாலும் கப்ளருக்கு ஒன்றும் ஆகாது. பிளேடைப் பிடித்து நிறுத்த உள்ளே எதுவும் இல்லை. ஊறிய உளுந்துக்கு ஓரளவு சுமை. காய்ந்த மஞ்சள் பிளேடுக்கும் சுவருக்கும் இடையில் இறுகிவிட்டால்தான் முழுச் சுமையும் கப்ளரின் பற்களில் இறங்கும். காரில் அந்த இறுக்கத்தைத் தீர்மானிப்பது டயர்.

நம் நாட்டுப் பந்தயக்காரர்களுக்கு நன்கு பழக்கமான மிட்சுபிஷி லான்சர் எவோலூஷனை எடுத்துக்கொள்வோம். ஒன்பதாம் எவோவின் 2 லீட்டர் டர்போ எஞ்சின் ஏறக்குறைய 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். ஐந்து கியர் பெட்டியில் முதல் கியர் விகிதம் சுமார் 2.9, இறுதி விகிதம் சுமார் 4.5. இரண்டையும் பெருக்கினால் 13க்குச் சற்று மேல். எஞ்சினில் 400 ஆக இருப்பது சக்கரங்களுக்கு வரும்போது சுமார் 5,300 ஆகிவிடுகிறது.

இனி டயரைப் பார்ப்போம். கார் சுமார் 1,400 கிலோ. நல்ல வீதி டயரின் உராய்வுக் குணகத்தை 1 என்று வைத்தால், பாதை தாங்கும் தள்ளுவிசை சுமார் 13,700 நியூட்டன். டயரின் ஆரை சுமார் 0.31 மீட்டர். பெருக்கினால் சுமார் 4,250 நியூட்டன் மீட்டர். நாலு சக்கரங்களும் சேர்ந்து அதற்கு மேல் பிடிக்காது. மிகுதி டயர் வழுக்குவதில் போகும். எஞ்சினை 600 நியூட்டன் மீட்டருக்கு உயர்த்தினால் கணக்குப்படி சக்கரங்களுக்கு 8,000 வர வேண்டும். ஆனால் அதே வீதி டயரில் ஆக்சில் சீராகத் தாங்கவேண்டியது அந்த 4,250தான்.

இப்போது மென்மையான பந்தய டயரைப் போடுங்கள். உராய்வுக் குணகம் 1.6 என்றால் அந்த எல்லை 6,800க்கு ஏறுகிறது. எஞ்சினில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை; ஆக்சிலின் சுமை 60 சதவீதம் கூடிவிட்டது. எஞ்சின் வேலை முடிந்த அன்று நன்றாக ஓடிய கார், டயர் மாற்றிய அன்று உடைவது இதனால்தான்.

நம் ஊர்க்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். களுத்துறைக்கு அருகிலுள்ள கட்டுக்குருந்தை ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம். சென்னைக்கு வடக்கே ஒரு காலத்தில் பந்தயங்களால் பேர்பெற்ற சோழவரமும் அப்படியே. விமானம் இறங்கப் போட்ட தளத்தில் வீதியின் பிடிப்புத்தான் கிடைக்கும். அமெரிக்க டிராக் தளங்களில் புறப்படும் இடம் முழுவதும் பசை தெளித்து, ரப்பர் இழைத்து, செருப்பு ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் பதப்படுத்துகிறார்கள். அங்கே உடைந்த பாகங்களின் பட்டியலைப் பார்த்து இங்கே எல்லாவற்றையும் வாங்கத் தேவையில்லை. உங்கள் பாதை, உங்கள் டயர், உங்கள் காரின் எடை ஆகிய மூன்றையும் வைத்து மேலே போட்ட கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு பலம் தேவை என்பது அதில் தெரிந்துவிடும்.

கிளச்: வேண்டுமென்றே வழுக்கவிடும் இடம்

கப்ளரை ஏன் ரப்பரில் செய்கிறார்கள்? இரும்பில் செய்ய முடியாமல் அல்ல. மஞ்சள் இறுகும்போது ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். மலிவானதும் கையால் கழற்றி மாற்றக்கூடியதுமான துண்டு விட்டுக்கொடுத்தால் மோட்டரின் கம்பிச்சுருள் தப்பும், தண்டு தப்பும். காரில் அந்தப் பொறுப்பு கிளச்சுக்கு.

கிளச் தாங்கும் முறுக்குவிசையை நாலு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: உராய்வுப் பொருள், பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, பிளேட்டின் சராசரி ஆரை, உராயும் முகங்களின் எண்ணிக்கை. இந்த நாலையும் பெருக்கினால் வருவதே அதன் தாங்குதிறன். ஒற்றைப் பிளேட்டுக்கு முகங்கள் 2. இரட்டைப் பிளேட்டுக்கு 4. அதே அழுத்தத்தில், அதே விட்டத்தில், இரட்டைப் பிளேட் இரு மடங்கு தாங்கும்.

பலர் முதலில் கடினமான பிரஷர் பிளேட்டையும் செராமிக் பட்டைகளையும் தேடிப் போகிறார்கள். பந்தய நாளில் அவை பிழையல்ல. ஆனால் செராமிக் சட்டென்று கவ்வும். மெல்ல வழுக்கிப் பிடிக்காது. மாத்தளைக்கும் வத்துகாமத்துக்கும் இடையே ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று நின்று போகும்போது ஒவ்வொரு புறப்பாடும் தொடர் முழுவதற்கும் ஓர் அடி. தினமும் ஓட்டும் காருக்குச் சாதாரண உராய்வுப் பொருளோடு கூடிய இரட்டைப் பிளேட், பெரும்பாலும் அதைவிடப் பொருத்தமானது. முகங்கள் கூடுவதால் தாங்குதிறன் ஏறும். மிதியும் கால் நோகும் அளவுக்கு இறுகாது.

கிளச் போதவில்லை என்பதை எங்கே கண்டுபிடிப்பது? முதல் கியரில் தேடினால் கிடைக்காது. வீதி டயர் 4,250 மட்டுமே தாங்குவதால், முதல் கியரில் அது எஞ்சின் பக்கத்துக்கு வெறும் 320 நியூட்டன் மீட்டர்தான். அதற்கு மேல் போனால் டயர் வழுக்கிக் கிளச்சைக் காப்பாற்றிவிடும். நாலாம் கியரில் மொத்த விகிதம் 5க்கும் குறைவு. அங்கே டயர் வழுக்காது, எஞ்சினின் முழு விசையும் கிளச்சில் விழும். ஆகவே நாலாம் கியரில், டர்போ அழுத்தம் முழுதாக ஏறும் இடத்தில், வேகமானியை முந்திக்கொண்டு எஞ்சின் சுற்று ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் கிளச் வழுக்குகிறது. இந்தச் சோதனைக்குப் பொது வீதி இடமல்ல. மூடிய ஓடுபாதையிலோ டைனோவிலோ செய்ய வேண்டியது. வழுக்கிய கிளச்சைக் கழற்றினால் பிளைவீலின் முகத்தில் நீலம் பாய்ந்த வட்டங்கள் தெரியும். அந்த இடங்களில் இரும்பு சூடேறிக் கடினப்பட்டிருக்கும். புதுப் பிளேட்டை அதன்மேல் அப்படியே பூட்டினால் அதுவும் அதிர்ந்து அதிர்ந்துதான் பிடிக்கும். பிளைவீலைச் சீவ வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

கியர் பெட்டி: பல்லின் அடியில் விழும் சுமை

கப்ளரை இரும்பாக்கிவிட்டால் அடுத்த தடவை எது போகும்? ஜாரின் தண்டு, அல்லது புஷ். காரில் அடுத்து நிற்பது கியர் பெட்டி.

கியர்ப் பல் பொதுவாக உடைவது நுனியில் அல்ல, வேரில். ஒவ்வொரு அடிக்கும் வேரில் மயிரளவு வெடிப்பு ஒன்று தோன்றி வளர்ந்து, ஒரு நாள் பல் முழுதாகக் கழன்று எண்ணெயில் விழும். அது மற்றப் பற்களுக்கிடையே மாட்டினால் பெட்டியின் அலுமினிய உடலே பிளக்கும். இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே, தாங்கலிலிருந்து தள்ளியிருக்கும் கியர்களுக்கு ஆபத்து கூட. சுமை ஏறும்போது தண்டுகள் ஒன்றையொன்று தள்ளி வளையும். பற்கள் முழு அகலத்துக்கும் படாமல் ஓரத்தில் மட்டும் படும்.

தொழிற்சாலையிலிருந்து வரும் வீதிக் கார்களில் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். ஒரு பல் விலகும் முன் அடுத்தது சேர்ந்துவிடுவதால் சத்தம் குறைவு. ஆனால் அந்தச் சாய்வு தண்டைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலைப் பேரிங்கும் பெட்டியின் உடலும் தாங்க வேண்டும். பந்தயப் பெட்டியில் பற்கள் நேராக வெட்டப்படும். பக்கத் தள்ளல் இல்லை. அகலமான, தடித்த பல் வைக்கலாம். விலையாக நாள் முழுவதும் காதைக் குடையும் ஊளை. பலமான உருக்கில் சாய்வாகவே வெட்டிய கியர்த் தொகுதிகளும் உண்டு. வீதியும் பந்தயமும் பாதிப்பாதி என்றால் அவையே நடுவழி.

கியர்களின் எண்ணிக்கை கூடினால் பலம் கூடும் என்று நினைக்க வேண்டாம். எட்டாம் எவோவில் மிட்சுபிஷி ஆறு கியர் பெட்டியைக் கொண்டுவந்தது. ஆனால் வலு கூட்டுகிறவர்கள் பழைய ஐந்து கியர் பெட்டியைத்தான் தேடிப் போனார்கள். ஏறக்குறைய அதே நீளத்துக்குள் ஆறு கியர்களை அடுக்கினால் ஒவ்வொன்றும் மெலிய வேண்டும். பல்லின் அகலம் குறைந்தால் வேரின் பலமும் குறையும்.

ஷாஃப்ட், டிஃப், ஆக்சில்

சுழலும் தண்டின் முறுக்குப் பலம் அதன் விட்டத்தின் முப்படிக்கு ஏற்ப ஏறும். 25 மில்லிமீட்டர் ஆக்சிலை 28 ஆக்கினால் தடிப்பு 12 சதவீதம்தான் கூடுகிறது. பலம் 40 சதவீதம் கூடுகிறது. ஆக்சிலை மாற்றுவதானால் கொஞ்சம் தடித்ததைப் போடுவது, அதே தடிப்பில் விலையுயர்ந்த உருக்கைத் தேடுவதைவிடப் பல வேளை மலிவு. ஆனால் தடித்த ஆக்சிலுக்கு ஏற்ற சீவி ஜொயின்டும், டிஃபுக்குள் அது புகும் பற்களும் வேண்டும். ஒன்றை மட்டும் மாற்ற முடியாது.

உடைந்த ஆக்சிலைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது நடந்ததைச் சொல்லும். முனையிலிருக்கும் ஸ்பிளைன் பற்கள் நேராக இல்லாமல் சற்றுச் சாய்ந்திருந்தால், அது உடையும் முன் பல தடவை எல்லை தாண்டி முறுக்கப்பட்டிருக்கிறது. உடைந்த முகம் தண்டுக்குக் குறுக்காக, சுழித்த வரிகளோடு தட்டையாக இருந்தால், உருக்கு இழுபட்டு, ஒரே பெரிய சுமையில் போயிருக்கிறது. 45 பாகையில் திருகலாகப் பிளந்திருந்தால், அந்த உருக்கு வளைந்துகொடுக்காத வகை. சூடாக்கிப் பதப்படுத்தியதில் குறை இருக்கலாம். முகத்தின் ஓரிடத்திலிருந்து வளைவு வளைவாக வரிகள் பரவியிருந்தால், வெடிப்பு நாட்கணக்கில் வளர்ந்திருக்கிறது. உடைந்ததைக் குப்பையில் போடும் முன் ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பார்த்தால், அடுத்து எதை மாற்றுவது என்ற தடுமாற்றம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

டிஃபில் வீதிக்காரர் ஒருபோதும் செய்யக்கூடாத ஒன்று, இரு சக்கரங்களையும் நிரந்தரமாகப் பூட்டிவிடுவது. நேர்கோட்டில் அது நன்மை. வளைவில் வெளிச் சக்கரம் கூடுதல் தூரம் போக வேண்டும். பூட்டிய டிஃப் அதை விடாது. டயர் தேயும், ஆக்சில் ஒவ்வொரு வளைவிலும் முறுக்குப்படும், மழை நாளில் வண்டி சொன்ன பேச்சுக் கேளாது. நம் மலைநாட்டு வீதிக்கு, வழுக்கலை மட்டுப்படுத்தும் எல்எஸ்டி போதும். 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தின் வளைவுகளுக்கும் பொருந்துவது அதுவே.

சக்கரத் துள்ளலையும் மறக்க வேண்டாம். டயர் பிடித்து, வழுக்கி, மறுபடி பிடித்துத் துள்ளும்போது, ஒவ்வொரு பிடிப்பும் ஓர் அடி. நல்ல ஆக்சில்கள் பல இதில்தான் போகின்றன. பழைய ரப்பர் புஷ்கள், தொய்ந்த எஞ்சின் மவுண்டுகள், டயர்க் காற்று, ஷொக் அப்சோர்பர் ஆகியவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு, ஆக்சில் செலவில் ஒரு சிறு பங்குதான்.

உடைந்தால் எங்கே பறக்கும்?

1970 மார்ச் 8. கலிபோர்னியாவின் லயன்ஸ் டிராக் தளத்தில் டிராக் பந்தயக்காரர் டொன் கார்லிட்ஸ் புறப்பட்ட கணத்தில் அவரது காரின் டிரான்ஸ்மிஷன் வெடித்தது. வலது பாதத்தின் ஒரு பகுதி போய்விட்டது. அவர் ஓட்டிய வகுப்பின் அன்றைய டிராக் கார்களில் எஞ்சினும் கிளச்சும் டிரான்ஸ்மிஷனும் ஓட்டுநருக்கு முன்னால், கால்களை ஒட்டி இருந்தன. குணமான கார்லிட்ஸ் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துப் புதுக் கார் கட்டினார். 1971இல் அதில் வெற்றியும் பெற்றார். சில ஆண்டுகளில் அந்த வகுப்பு முழுவதும் அதே வடிவத்துக்கு மாறியது.

நம் கார்களில் கிளச் இன்றும் காலடிக்கு அருகில்தான் சுழல்கிறது. வலு கூட்டிய காரில் சாதாரண வார்ப்பிரும்புப் பிளைவீலை உயர்ந்த சுற்றில் ஓட்டக் கூடாது. அது பிளந்தால் துண்டுகள் தரைத்தகட்டை வெட்டிக்கொண்டு வரும். சோதித்துச் சான்றளிக்கப்பட்ட உருக்குப் பிளைவீலும், அதைச் சுற்றிய பாதுகாப்புக் கவசமும் தேவை. பின்சக்கர இயக்கக் காரில் புரொப்பலரின் முன் ஜொயின்ட் உடைந்தால் தண்டு கீழே விழுந்து தரையில் குத்தி வண்டியையே தூக்கிப் புரட்டும். அதற்காகத்தான் முன் ஜொயின்டிலிருந்து 6 அங்குலத்துக்குள் தடித்த இரும்பு வளையம் போட வேண்டும் என்று அமெரிக்க டிராக் விதிகள் சொல்கின்றன. ஒரு வெல்டரின் சிறு வேலை அது. இதைத் தவிர்த்துவிட்டு டர்போவுக்குச் செலவழிக்க எந்த நியாயமும் இல்லை.

எந்த வரிசையில்?

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்தது. அந்தச் சில வருடங்கள் நமக்குச் சொன்னது, கையிலிருக்கும் காரைக் காப்பாற்றுவதே பெரிய சேமிப்பு என்பதுதான். ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்.

முதலில் டயரைத் தீர்மானியுங்கள். மேலே போட்ட கணக்கைப் போடுங்கள். அடுத்துப் பாதுகாப்பு: பிளைவீல், கவசம், வளையம். பின்னர் புஷ், மவுண்ட். அதன் பிறகு, எஞ்சினின் முறுக்குவிசைக்குச் சற்று மேலே மட்டும் தாங்கும் கிளச். இரட்டிப்புத் தாங்கும் கிளச் அல்ல. வாங்கும்போதே ஒன்றை உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள்: தொடரில் முதலில் விட்டுக்கொடுப்பது கிளச்சாக இருக்க வேண்டும், கியர்ப் பல்லாக இருக்கக் கூடாது. அதற்குப் பிறகே ஆக்சில், டிஃப். கியர் பெட்டி கடைசி. அதுதான் விலை கூடியது, மற்றவை சரியாக இருந்தால் நீண்ட நாள் தாங்கக்கூடியதும் அதுவே.

பிறகு பராமரிப்பு. ஒவ்வொரு பந்தய நாளுக்குப் பின்னும் கியர் எண்ணெயை வடித்துக் காந்தத் திருகைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை படிந்திருந்தால் வழமையான தேய்மானம். மின்னும் செதில் ஒன்று ஒட்டியிருந்தாலும் பெட்டியைத் திறக்க வேண்டிய நேரம். ஒவ்வொரு ஆக்சிலிலும் முனையிலிருந்து முனைவரை வெள்ளைப் பெயின்டால் ஒரு நேர்கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை வண்டியைத் தூக்கிப் பார்க்கும்போது கோடு நேராக இருந்தால் ஓட்டலாம். சாய்ந்திருந்தால் அந்த ஆக்சில் முறுக்குண்டு திரும்பி வராமல் நின்றுவிட்டது, அன்றே கழற்றிவிடுங்கள். ஒரு தூரிகைப் பெயின்டுக்கும் ஒரு நிமிட நேரத்துக்கும், உடையப்போகும் பாகம் உடையும் முன்பே உங்கள் கைக்கு வந்துவிடும்.